மூன்று வாரம் என்று சொன்ன பதினோரு மாதம்

என் பிரிய மன்னிக்கு, உங்கள் வேதா சேவித்து எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகப்போகிறது. உங்களோடு பேசாத நாள் இல்லை. ஆனால் அதெல்லாம் குக்கர் விசில் எண்ணும்போதும், ஸ்கூட்டரில் சிக்னலுக்கு நிற்கும்போதும் பேசுகிற பேச்சு. உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நல்ல சமாசாரம் அதிகம் இல்லை.

அக்ரஹாரத்து வீடு அப்படியேதான் இருக்கிறது. கொல்லைக் கதவு மட்டும் மழையில் உப்பிப்போய், இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கிறது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வருஷம் பெண்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வாய் சும்மா இருக்காமல், இப்போது அண்ணாவைத் திருத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆத்துக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது. வேண்டாத பேச்சுக்கு மட்டும்தான் மந்தம் என்பது என் கட்சி. உங்கள் பெண் மைதிலிக்கு முப்பத்துமூன்று முடிந்தது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூர் ஆபீஸ் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறாள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிறாள்; சும்மா என்றுகூட வராது, சும்னே என்பாள்.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன், மன்னி. உங்களுக்கு வந்தது அவளுக்கும் வந்திருக்கிறது.

அவளுக்கு மாதாந்திரம் எப்போதுமே ஒழுங்காக இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிசிஓடி, சினைப்பையில் நீர்க்கட்டி என்று அப்போதே சொன்னார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம். இந்த ஒன்றரை வருஷமாக அவளுக்கு நிற்காமல் ரத்தம் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். நானும் அண்ணாவும் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தோம்.

ஆட்டோவில் போகும்போது அவளைத் திட்டினேன். "ஒன்றரை வருஷமா இப்படி இருந்திருக்கே, வாயைத் திறந்து சொல்ல மாட்டியா? உங்க அம்மாவுக்கு என்ன வந்ததுன்னு தெரியுமோல்லியோ?"

"தெரிஞ்சதனாலதான் அத்தே போகலை" என்றாள். கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அம்மா மூணே வாரத்துல டாக்டர்கிட்ட ஓடினா. என்ன ஆச்சு? சீக்கிரம் போனவாளும் போயிட்டா. அப்புறம் சும்னே எதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பயப்படணும்னு விட்டுட்டேன்."

அந்த மூன்று வாரம் என்ற பேச்சு நம்முடையது. நீங்களும் நானும் இதே மாதிரி ஒரு ஆட்டோவில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் பேசிவைத்துக்கொண்டது. அதைக் கேட்டவள், அதையே நம்பி, ஒன்றரை வருஷம் ரத்தத்தை இழந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கப்போகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்; படிப்பவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேல்கோட்டைப் பெண். மடியும் ஆசாரமும் உங்களுக்குப் பாரமாக இருந்ததே இல்லை, அந்த மூன்று நாட்களைத் தவிர. மாதத்தில் மூன்று நாள் பின்கட்டு அறையில் தனித் தட்டு, தனிப் பாயோடு உட்கார்ந்திருப்பீர்கள். அங்கிருந்தபடியே "வேதா, பெருங்காயம் போட்டியா?" என்று குரல் மட்டும் சமையலறைக்கு வரும். ஐம்பத்திரண்டு வயதில் எல்லாம் நின்றபோது உங்களைப் போல சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. இனிமேல் எந்த சிராத்தத்துக்கும், எந்தப் பண்டிகைக்கும் நாள் பார்க்க வேண்டியதில்லை, தளிகை எப்போதும் என்னுடையது என்று அடுப்பு மேடையைத் தட்டிச் சொன்னீர்கள். நான்கு வருஷம் அந்த சமையலறையை ஆண்டீர்கள்.

அப்புறம் என் அப்பாவின் சிராத்தம் வந்தது. விடியற்காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர மடிப்புடவையோடு கொல்லையில் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். "வேதா, லேசா பட்டிருக்குடி. நாலு வருஷம் கழிச்சு. ஆத்துல யாருக்கும் சொல்லாதே. வைதிகாளெல்லாம் வந்துடுவா, உனக்கும் சிராத்தத் தளிகை பழக்கமில்லை, இப்போ வேற யார் பண்ணுவா?"

நான் என்ன சொன்னேன்? பள்ளிக்கூடத்தில் பெரிய பெண்களுக்கு உடம்பைப் பற்றி வகுப்பெடுத்த நான், "ஒண்ணுமில்லை மன்னி, சூடாத்தான் இருக்கும். பார்லிக் கஞ்சி குடியுங்கோ" என்றேன். நீங்கள் தளிகை செய்தீர்கள். சிராத்தம் நடந்தது. அண்ணாவுக்கு அன்றைக்கு வடை நன்றாக வந்ததில் ஏகத் திருப்தி.

அன்றைக்கு மறைத்ததுதான் நம்மைக் கட்டிப்போட்டது. அடுத்த மாதம் மறுபடி பட்டபோது டாக்டரிடம் போனால், எப்போது ஆரம்பித்தது என்று கேட்பார்கள். தேதியைச் சொன்னால் சிராத்தத்தன்று தூரத்தோடு, அந்தத் தீட்டோடு, தளிகை செய்தது அண்ணாவுக்குத் தெரிந்துவிடும். இப்படியே ஆடி, கோகுலாஷ்டமி, நவராத்திரி என்று ஒவ்வொன்றாகத் தாண்டினோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் கடைக்குப் போய் நாப்கின் வாங்கி, என் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பதினோரு மாதம், மன்னி. கடைசியில் நிற்க முடியாமல் கொட்ட ஆரம்பித்த பிறகுதான் போனோம். மூன்று வாரமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். ஆமாம் என்று நான் சொன்னேன். அதற்கப்புறம் நீங்கள் இருந்தது ஒன்றேகால் வருஷம்.

மைதிலிக்கு ரத்தம் ஏற்றி, ஸ்கேன் பார்த்து, கருப்பையின் உள்சுவரிலிருந்து சிறிது சுரண்டி சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மூன்று பேரும் முடிவுக்காகப் போய் உட்கார்ந்தோம். அந்த வரிசையைப் பார்த்தால் உங்களுக்கும் திக்கென்று இருக்கும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன காலத்தில் இந்த வியாதிக்காரர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். இப்போது பெஞ்சு நிறைய இருக்கிறார்கள், அதில் சிலர் மைதிலி வயசு. உடம்பில் எடை ஏறுவது, சர்க்கரை, பிசிஓடி, குழந்தை பெறாதது, நீண்ட ஆயுள் என்று டாக்டர் காரணங்களை அடுக்கினாள். எங்கள் தெருவையே பார்த்துவிட்டு வந்து சொல்வது போல இருந்தது.

என் பக்கத்தில் சாமராஜநகரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாள். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். கையில் ரிப்போர்ட்டை உருட்டி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நின்னுபோய் ஆறு வருசம் ஆச்சுங்க. மறுக்கா வரவும், அட, ஒடம்புல இன்னும் தெம்பு இருக்குதாட்ட இருக்குதுன்னு சந்தோசப்பட்டுட்டனுங்க." பக்கத்துக்காரிகளிடம்கூடப் பெருமையாகச் சொன்னாளாம். ஒருத்திகூட டாக்டரிடம் போ என்று சொல்லவில்லை. அவளுக்காகத்தான், அவள் பக்கத்து வீட்டுக்காரிகளுக்காகத்தான், உங்களுக்கு மட்டும் எழுத வேண்டியதை ஊர் படிக்க எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண், கன்னடத்தில் நிதானமாகப் பேசினாள். மைதிலிக்கு இன்னும் புற்றுநோய் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் வாசல்படியில் நிற்கிறது என்றாள். அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து, அம்மாவுக்கு என்ன வயதில் வந்தது, முதலில் ரத்தம் பட்டதற்கும் டாக்டரிடம் வந்ததற்கும் எவ்வளவு நாள் என்று கேட்டாள்.

அண்ணா உடனே சொன்னார்: "மூணு வாரம். நாங்க தாமதமே பண்ணலை."

டாக்டர் எழுதப்போனாள். மைதிலி என்னைப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே எழுதப்பட்டிருக்கும்.

"பதினோரு மாசம்" என்றேன்.

அண்ணாவுக்குக் காது கேட்டது. "என்னது?"

"பதினோரு மாசம் அண்ணா. அப்பா சிராத்தத்தன்னிக்கு ஆரம்பிச்சது. எனக்குத் தெரியும்."

அண்ணா என்ன சொன்னார் தெரியுமா? "அப்போ அன்னிக்குப் பண்ணின தளிகை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் அவர் நிறுத்திக்கொண்டார், மன்னி, அதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் மேஜையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்ற மாதிரி நீ இருந்தியா?" என்று கேட்டேன்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்த நோய் வந்தவுடனே ரத்தத்தைக் காட்டிச் சொல்லிவிடும், சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். மைதிலி எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தப் பதினோரு மாசமும் அம்மா பயந்துண்டே இருந்தாளா அத்தே?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "இல்லைடி. சந்தோஷமா இருந்தா. ஒரு பண்டிகை விடாம தளிகை பண்ணினா" என்றேன். அதற்குத்தான் அழுதாள். நான் சொன்னது சரியா, மன்னி? பயந்தீர்களா? எனக்குத் தெரியாமல் பின்கட்டில் உட்கார்ந்து அழுதிருப்பீர்களா? கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஆபரேஷன் செய்து எடுத்ததில் ஒரு துண்டை அந்த ஆஸ்பத்திரியில் மெழுகுக் கட்டிக்குள் வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எல்லோருடையதையும் அப்படி வைப்பார்களாம். நீங்கள் பச்சிமவாஹினிப் படித்துறையில் அஸ்தியாகக் கரைந்துபோனீர்கள் என்றுதான் நாங்கள் இருந்தோம். அதை எடுத்துப் புதுச் சோதனை செய்யலாம், கையெழுத்து வேண்டும் என்றார்கள். அண்ணா பேனாவைப் பிடித்துக்கொண்டு, "அப்போ அவ முழுசாப் போகலையா, வேதா?" என்று கேட்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

சோதனையில் தெரிந்தது இது. நம் உடம்பில் அணுக்கள் பெருகும்போது வருகிற தப்புகளைத் திருத்துவதற்கு வாத்தியார் மாதிரி சில புரதங்கள் உண்டாம். உங்களுடையதில் அதில் ஒன்று இல்லை. மைதிலியின் ரத்தத்தைப் பார்த்தார்கள், அவளுக்கும் அதே குறை. பிறவியிலேயே வந்தது, உங்களிடமிருந்து அவளுக்கு. உங்கள் மூக்கும் நடையும் வந்த மாதிரி.

உங்களுக்கு இருந்த வகைக்கு இப்போது ஒரு மருந்து இருக்கிறதாம். கீமோ இல்லை, உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புகிற மருந்து. எல்லோருக்கும் கேட்காது, ஆனால் இந்த வகைக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொன்னாள். உங்களுக்கு ஆன மாதிரி நுரையீரலுக்குப் பரவின பிறகும் சிலருக்கு வருஷக்கணக்கில் பிடித்து நிறுத்துகிறதாம். உங்களுக்கு அப்போது இந்தச் சோதனையைச் செய்யவில்லை. நாங்களும் கேட்கவில்லை, இருப்பது தெரிந்தால்தானே கேட்பதற்கு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு பாத்திரத்தைக் கீழே போட்டேன். ஒரு டம்ளர், அப்புறம் ஒரு தட்டு. அண்ணா குனிந்து பொறுக்கினார்.

மைதிலிக்குக் கருப்பையை எடுக்காமல் பார்க்கலாம் என்று, ஹார்மோன் கசிகிற ஒரு சின்னக் கருவியை உள்ளே வைத்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கா என்று அண்ணா தயங்கினார். "அப்பா, நீங்க வெளியில உக்காருங்கோ" என்று மைதிலி சொல்லிவிட்டாள். மூன்று மாதம் அவளும் நானும் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்தோம். சாதத்தைக் குறைத்தாள், எடையும் குறைந்தது. ரத்தம் நின்றது. நான் நம்பிவிட்டேன், மன்னி. அந்த மூன்று மாதமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மூன்றாம் மாதச் சோதனையில் வாசல்படியைத் தாண்டிவிட்டது என்று வந்தது. பரவவில்லை, சின்னதுதான். ஆனால் பிறவிக் குறையையும் சேர்த்துப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம், கருப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். சினைப்பைகளை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்குச் செய்த மாதிரி வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். நான்கு சின்னத் துளை, மூன்றாம் நாள் வீடு. நிணநீர்க் கட்டிகளையும் வாரி எடுக்காமல், ஒரு சாயத்தை விட்டு, அது முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பார்களாம். சீக்கிரம் பிடித்துவிட்டோம் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னாள். சந்தோஷம்தான். நானும் தலையாட்டினேன்.

படியிறங்கும்போது மைதிலி நின்றாள். "எனக்குக் குழந்தை வேணுமா வேண்டாமான்னு யோசிக்கவே இன்னும் டைம் வரலையே அத்தே" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குக் கொடுத்திருக்கிற நாள் வருகிற புதன்கிழமை. அன்றைக்குத்தான் உங்கள் திதி.

நாளைப் பார்த்ததும் அண்ணா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நாளை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்துத்தான். "மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிடாதே. டாக்டரையும் கேட்டுடலாம்" என்றார். டாக்டரைக் கேட்டோம். தள்ள வேண்டாம், தள்ளினாலும் பெரிய ஆபத்து இருக்காது என்றாள். மைதிலியும் சொன்னாள்: "அம்மா சிராத்தம் ஆகட்டும் அத்தே. அப்புறமாவே போறேன். அம்மாவுக்காக நான் அதைக்கூடப் பண்ண மாட்டேனா?"

"வேண்டாம்" என்றேன். "இந்த ஆத்துல சிராத்தத்துக்காக ஒருத்தி காத்திருந்தது போதும்."

அண்ணா வாதாடவில்லை. உங்களுக்குப் பிறகு தளிகை செய்வது நான். மைதிலியோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவளும் நான். இரண்டு இடத்தில் நான் இருக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். சிராத்தம் பண்ணிவைக்கிற வாத்தியாரைப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். தவறிப்போனால் அமாவாசையன்று செய்யலாம், தோஷமில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். சரி என்று உட்கார்ந்தவர், பஞ்சாங்கத்தை மூடாமல் என்னையே பார்த்தார். "அன்னிக்கு அவ வந்து பசிச்சுண்டு நிப்பாளே, வேதா" என்றார்.

இதற்குத்தான் இந்தக் கடிதம். நான் நம்புகிறவளா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீங்கள் நம்பினவர். வருஷத்தில் ஒரு நாள் வாசலுக்கு வந்து நிற்பவர் இலை போட்டிருக்கிறதா என்று பார்ப்பார் என்று நம்பித்தான், ரத்தம் வழிகிற உடம்போடு என் அப்பாவுக்கு வடை தட்டினீர்கள்.

மன்னி, வருகிற புதன்கிழமை நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். வீடு பூட்டியிருக்கும், அடுப்பு மூட்டியிருக்காது. அமாவாசை வரைக்கும் பசி பொறுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து மைதிலி கண் திறந்ததும், உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று டாக்டர் சொல்வதை அப்படியே, அன்றைக்கே, ஒரு நாளும் குறைக்காமல் அவளிடம் சொல்வேன். அமாவாசையன்று இலை போடும்போது உங்களுக்கும் சொல்வேன். அங்கே யாராவது ஏன் இப்படி வாடியிருக்கிறாய் என்று கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

உங்களைப் பட்டினி போடுகிற
உங்கள் நாத்தனார்
வேதா